கற்ற நூலும் இயற்றிய நூலும்: விபுலாநந்த அடிகளாரின் எழுத்து வரலாறு

ஒரு புலவன் இயற்றிய நூலை ஆராயப் புகுவோர், அவன் பிறந்த ஊர் யாது, வாழ்ந்த காலம் யாது, ஆதரித்த வள்ளல் யாவன் என்பவற்றையே முதற்கண் வினவுவர். அவன் எந்நூல்களை விரும்பிக் கற்றான், கற்றவற்றை எவ்வாறு கற்றான் என்னும் வினாக்கள் பெரும்பாலும் பின்தள்ளப்படுகின்றன. ஆயினும், எழுதுவோன் எவனும் முதலிற் கற்போனே ஆவான். அவன் கையெழுத்துக்கு முன்னே அவன் கண் செய்த தொழில் ஒன்றுண்டு. கம்பர் வான்மீகத்தைக் கற்றிராவிடின் இராமகாதை தமிழில் அவ்வுருவிற் பிறந்திராது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரதியார், ஷெல்லி என்னும் ஆங்கிலக் கவிஞரின் பாடல்களில் தோய்ந்து, 'ஷெல்லிதாசன்' எனத் தமக்கொரு புனைபெயரும் சூட்டிக்கொண்டார். விரும்பிக் கற்ற நூல் எழுதுவோனின் பெயரையே மாற்றவல்லது என்பதற்கு இஃதொரு சான்று.

எனினும், கற்றவை எழுத்தைத் தாக்கும் முறை ஒன்றன்று. வியந்து கற்போன் கற்றதனைப் போலச் செய்ய முயல்வான். வினாவிக் கற்போன் கற்றதனைக் கொண்டு பிறிதொன்றைக் காண முயல்வான். இவ்விரண்டாம் முறைக்கு ஈழநாடு தந்த சிறந்த எடுத்துக்காட்டு விபுலாநந்த அடிகளார் ஆவர். அடிகளார் பல துறை நூல்களைக் கற்றவர் என்பது பலரும் கூறும் செய்தி. ஆயின், அவர் ஒரு துறை நூலைப் பிறிதொரு துறையிற் பயின்ற கண்ணாற் கற்றார் என்பதே அவருடைய எழுத்துக்கெல்லாம் திறவுகோலாகும். அவ்வியல்பினால் தமிழ் பெற்ற பேறு யாது, அதற்கு அவர் கொடுத்த விலை யாது என்பவற்றை அவர் நூல்கள்வாயிலாக ஈண்டுக் காண்போம்.

மட்டக்களப்புப் பகுதியைச் சார்ந்த காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த அடிகளாருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன் என்பது. அதே ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் அவர்கள் பரிசோதித்த சிலப்பதிகாரம் சென்னையில் அச்சேறியது. ஏட்டுச் சுவடிகளில் உறங்கிய அக்காப்பியம் நூலுருவில் உலவத்தொடங்கிய ஆண்டும், அதனைத் தம் வாழ்நாட் கல்வியாகக் கொள்ளவிருந்த குழந்தை பிறந்த ஆண்டும் ஒன்றாய் அமைந்தமை நினைவுகூரத் தக்கது. காரைதீவோ கண்ணகியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற ஊர். வைகாசித் திங்களில் நிகழும் சடங்கின்போது கண்ணகி வழக்குரை ஆண்டுதோறும் அங்கே படிக்கப்படுவது வழக்கம். ஆதலின், சிலப்பதிகாரத்தை ஏட்டிற் கற்குமுன்னரே அக்கதையைச் செவியாற் கேட்டு வளர்ந்தவர் அவர். பின்னாளில் அந்நூல் அவர்க்குப் பழங்காலத்துச் செத்த ஆவணமாய்த் தோன்றாது, பாடியும் ஆடியும் நிகழ்த்தற்குரிய உயிருள்ள பொருளாய்த் தோன்றியமைக்கு இவ்விளமைக் கேள்வி ஒரு காரணமாதல் கூடும்.

அவர் பெற்ற கல்வி இரு வாய்க்கால்களாய்ப் பாய்ந்தது. ஊரிலும் பின்னர்க் கொழும்பிலும் தமிழும் வடமொழியும் அறிந்த ஆசிரியர்பால் பழைய முறையிற் பாடங் கேட்டார். மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும் பயின்று, 1908ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்விற் சித்தியெய்தினார். 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதர் தேர்வில் தேறினார். அதே ஆண்டிற் கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞானத் துறைச் சான்றிதழும் பெற்றார். 1917இல் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராய் அமர்ந்து, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்தையும் அடைந்தார். அவ்வாண்டே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆயினார்.

அக்காலத்தில் தமிழ்ப் பண்டிதர்களுக்குக் குறைவில்லை. ஆங்கிலப் பட்டதாரிகளுக்கும் குறைவில்லை. இரு கல்வியும் உடையார் சிலரும் இருந்தனர். ஆயினும் அவருட் பலர், ஒன்றை வயிற்றுக்கும் மற்றொன்றை மனத்துக்கும் வைத்துக்கொண்டனர். அலுவலகத்தில் ஆங்கிலம், இல்லத்தில் புராணபடனம் என இரண்டையும் இரு வேறு பெட்டியிற் பூட்டி வைத்தனர். இரு பெட்டியிலுமுள்ள பொருள்களை ஒரே மேசையிற் பரப்பிப் பார்க்கத் துணிந்தமையே அடிகளாரின் தனித்தன்மை.

அத்துணிவின் முதற்கனி 'மதங்க சூளாமணி'. மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் 1924ஆம் ஆண்டு விழாவிற் செய்த சொற்பொழிவு வித்தாக அமைய, 1926ஆம் ஆண்டு அச்சங்கத்தின் வாயிலாக அந்நூல் வெளிவந்தது. மதங்கர் என்பார் கூத்தர். சூளாமணி என்பது முடிமணி. கூத்தர்க்கு முடிமணி என அடிகளார் சுட்டியது ஆங்கில நாடகப் பெரும்புலவராகிய ஷேக்ஸ்பியரையே. அப்பெயரையும் அவர் 'செகசிற்பியார்' எனத் தமிழ்ப்படுத்தினார். உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என மூன்று இயல்களாய் அமைந்தது அந்நூல். நாடகத்தின் உறுப்புக்களைப் பழைய தமிழ் இலக்கணத்தின் வழிநின்று முதலியல் கூறும். செகசிற்பியாரின் பன்னிரண்டு நாடகங்களை இரண்டாமியல் எடுத்துக்காட்டும். வடமொழியில் தனஞ்சயனார் இயற்றிய தசரூபகத்தின் பொருளை மூன்றாமியல் சுருக்கியுரைக்கும்.

இவ்வமைப்பே அடிகளாரின் கற்கும் முறையை விளக்குகின்றது. சிலப்பதிகாரத்துக்கு உரைவகுத்த அடியார்க்குநல்லார், செயிற்றியம், குணநூல், மதிவாணனார் நாடகத் தமிழ்நூல் முதலிய நாடக நூல்களின் பெயர்களைத் தம் உரையிற் குறித்துச் சென்றார். அந்நூல்களுட் பெரும்பாலானவை இறந்துபட்டன. சிதறிய மேற்கோள்களே எஞ்சின. ஆகவே, இலக்கணத்தின் துண்டுகள் உரையில் உள. அவ்விலக்கணத்துக்கு இலக்கியமாய் நின்ற தமிழ் நாடகங்கள் இல. இந்நிலையில் வெறும் பண்டிதர் இறந்தவற்றுக்கு இரங்கி அமைவர். வெறும் ஆங்கிலப் பட்டதாரி தமிழில் நாடகமே இல்லை என முடிவுகட்டுவர். அடிகளாரோ, உரையாசிரியர் காட்டும் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்னும் ஐவகைச் சந்திகளைக் கையிலெடுத்து, ஐந்து அங்கங்களாய் இயலும் செகசிற்பியாரின் நாடகங்களின்மீது வைத்து அளந்தார். கதைப்பொருள் வித்தாய் ஊன்றப்பட்டு, முளைத்து, கருக்கொண்டு, விளைந்து, நுகரப்படும் நிலைகள் அயன்மொழி நாடகத்திலும் புலனாகும் என்று காட்டினார். இலக்கியமிழந்து நின்ற இலக்கணத்துக்கு வேற்றுமொழியிலிருந்து இலக்கியம் கிடைத்தது. வேற்றுமொழி நாடகத்தைத் தமிழர் தம் சொற்களாலேயே சுவைத்து மதிப்பிடும் வழியும் கிடைத்தது.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. துய்த்தல் என்பது விளைந்த பயனை நுகர்தலாகும். தலைவன் வீழ்ந்துபட முடியும் அவல நாடகத்தில் நுகரப்படும் பயன் யாது என்னும் வினாவுக்கு அவ்வளவுகோல் எளிதில் விடையிறுப்பதன்று. ஒற்றுமையை நாடிக் கற்கும் கண் வேற்றுமையைச் சிறிது மங்கலாகவே காணும். ஆயினும், முதன்முயற்சியின் குறையைக் கண்டு அதன் பயனை மறத்தல் முறையாகாது. மேனாட்டு நாடகத்தைப் புகழவோ இகழவோ செய்து அமையாது, தமிழிலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு அதனை முறையாக ஆராயலாம் என்னும் துணிபு அந்நூலால் நிலைபெற்றது.

செகசிற்பியாரைக் கற்கத் துணைநின்ற அடியார்க்குநல்லார் உரையே, அடிகளாரை மற்றொரு பெருமுயற்சிக்கும் ஈர்த்தது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலுக்குத் துணையாய் நின்ற ஆசிரியர்களின் இலக்கணம் கூறப்படுகின்றது. அவருள் யாழாசிரியனின் அமைதி கூறும் பகுதி இருபத்தைந்து அடிகளே உடையது. அப்பகுதிக்கு அமைந்த விரிவுரையாகவே 'யாழ்நூல்' வளர்ந்தது. 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதற்றமிழ்ப் பேராசிரியராய் இருந்த காலத்தில் வேரூன்றிய அவ்வாராய்ச்சி, பதினான்கு ஆண்டுகள் அளவில் நீண்டது. இடையில் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதியில் 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராய் இருந்த காலத்தும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற்றமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த பின்னும் அது விடப்படவில்லை.

இருபத்தைந்து அடிகளில் அத்துணைப் பொருள் யாது? யாழ் என்னும் கருவி தமிழர் கையினின்று மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன. பேரியாழ் 21 நரம்புடையது, சகோடயாழ் 14 நரம்புடையது, செங்கோட்டியாழ் 7 நரம்புடையது என்பன போன்ற குறிப்புக்கள் உரைகளில் உள. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைப் பெயர்களும், அவற்றுக்குரிய அலகுகள் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என்பதும் அறியப்பட்டன. ஆனால் இவ்வெண்கள் எவ்வொலியைக் குறிப்பன என்பதைச் சொல்லுதற்கு ஒலித்துக் காட்டும் கருவி இல்லை. வழிவழி வந்த யாழ்ப்பாணரும் இல்லை. தமிழ் வல்லார் அவ்வடிகளைப் பதம்பிரித்துப் பொருள்கூறிக் கடந்தனர். இசை வல்லார் அவ்வடிகளின் மொழி விளங்காது விடுத்தனர்.

விஞ்ஞானம் கற்ற கண்ணோ அவ்வெண்களிலே ஒரு கணக்கைக் கண்டது. இறுக்கிக் கட்டிய நரம்பொன்றின் நீளத்தை மூன்றிலிரண்டாகக் குறைத்து மீட்டினால் எழும் ஒலி, முழுநரம்பின் ஒலியோடு இனிது பொருந்தும். நான்கில் மூன்றாகக் குறைப்பினும் மற்றொரு பொருத்தம் தோன்றும். இது பௌதிக நூல் கூறும் உண்மை. பழைய உரைகளோ நின்ற நரம்புக்கு ஐந்தாம் நரம்பு கிளை, நான்காம் நரம்பு நட்பு எனக் கூறுகின்றன. ஏழிசையின் அலகுகளைக் கூட்டினால் வருவது 22. குரலிலிருந்து இளி வரை எண்ணினால் 13 அலகு, எஞ்சுவன 9. ஒரு ஸ்தாயியை 22 கூறிட்டு அவற்றுட் பதின்மூன்றைக் கொள்ளின் அது மூன்றுக்கு இரண்டு என்னும் விகிதத்துக்கு மிக அணித்தாய் நிற்பதைக் கணிதம் அறிந்தோர் எளிதிற் காணலாம். கிளை என்றும் நட்பு என்றும் உறவுப்பெயர் இட்டு முன்னோர் கூறியதும், விகிதம் என எண்ணால் விஞ்ஞானி கூறுவதும் ஒரே உண்மையின் இரு வடிவங்கள் என்பது இதனாற் பெறப்படும்.

பண்டைத் தமிழிசையைக் கணக்கினால் ஆராய முற்பட்டவர் அடிகளார் ஒருவரே அல்லர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917ஆம் ஆண்டு வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலில், ஒரு ஸ்தாயி 24 சம அலகுகளையுடையது என வாதித்தார். அடிகளார் அதற்கு உடன்படாது 22 என்னும் கொள்கையையே நிலைநாட்ட முயன்றார். யார் கூற்று உண்மை என்பது இசைவல்லார் ஆராய்தற்குரியது. ஈண்டு நோக்கத்தக்கது, இருவரும் தாம் தாம் பயின்ற நூல்களின் வழியே ஒரே சிலப்பதிகாரத்தை வேறு வேறாய்க் கண்டனர் என்பதே. நூல் ஒன்றாயினும், கற்போர் கொண்டுசெல்லும் விளக்குக்கு ஏற்பவே அதன் அறைகள் ஒளிபெறுகின்றன.

குரல் முதலாக ஒவ்வொரு நரம்பையும் முதலாய்க் கொண்டு ஏழு பாலைகள் பிறக்கும் முறையையும் அடிகளார் இவ்வாறே ஆராய்ந்தார். செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என்பன வெறும் பெயர்வரிசையாய்ப் பண்டிதர் நாவில் வழங்கின. அடிகளார்க்கு அவை ஓர் ஒழுங்கின்படி சுழலும் எண்வரிசையாயின. யாழ்நூலின் பாலைத்திரிபியல் அதனை விரித்துரைக்கும். யாழுறுப்பியல் கருவியின் வடிவத்தையும், இசைநரம்பியல் ஒலியளவுகளையும், பண்ணியல் பண்களின் பிறப்பையும் கூறும். தேவாரவியலோ கோயில்களில் ஓதப்பட்டுவந்த பண்களை இவ்வாராய்ச்சியோடு பொருத்திப் பார்க்கும். எண்ணால் நிறுவியதனை வாழும் ஓசையோடு ஒத்துநோக்கும் இம்முறை ஆய்வுகூடத்திற் பயின்றவரின் முறையே.

1947ஆம் ஆண்டு ஆனித் திங்களை அண்மிய நாளில், கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் வெளியீடாக யாழ்நூல் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடிகளாரின் ஆராய்ச்சிவழி அமைத்த யாழ்கள் அவ்விழாவிற் புலவர்முன் காட்சியளித்தன. ஆறு வாரங்கள் கழிந்தபின், அவ்வாண்டு ஜூலை 19ஆம் நாள் அடிகளார் கொழும்பில் மறைந்தார். நூல் உருவாகி முடிந்ததையும் அரங்கேறியதையும் கண்ட அவர், அதனைப் பிறர் கற்பதைக் காண வாய்ப்பின்றிப் போயிற்று.

அந்நூலைக் கற்றவர் எத்துணையர் என்பதும் மறைக்காது கூறத்தக்கதே. யாழ்நூலைப் போற்றாத தமிழறிஞர் இலர். முற்றக் கற்றவர் மிகச் சிலர். அதன் நடை சூத்திரமும் உரையும் பயின்றவர்க்கே கைவருவது. அதன் பொருளோ கணிதம் பயின்றவர்க்கே தெளிவாவது. தமிழ் வல்லார் எண்களைக் கண்டு தயங்கினர். எண் வல்லார் செந்தமிழ் நடையைக் கண்டு தயங்கினர். இசை வல்லார் இரண்டையுங் கண்டு தயங்கினர். அடிகளார் இரு கல்வியையும் ஒருங்கே பெற்றவராதலின், அவ்விரண்டும் ஒருங்கே உடையாரைத் தம் மாணாக்கராக எண்ணி எழுதினார். அத்தகைய மாணாக்கர் நாட்டில் அருகியே இருந்தனர். அவர் காலத்தின்பின் யாழ் இசையரங்குகளில் வழக்கமாய் ஒலிக்கும் கருவியாய் மீளவுமில்லை. விரும்பிக் கற்ற நூல்கள் எழுதுவோனுக்குப் பொருளைத் தருவனபோலவே நடையையும் தருகின்றன. அந்நடையே சிற்சில வேளை அவனுக்கும் கற்போர்க்கும் இடையே மதிலாய் எழுந்துவிடுகின்றது. அடிகளார் கொடுத்த விலை இதுவே.

இக்குறையை அவர் உணராதவர் என்று கருதுதற்கில்லை. 1930களிற் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்கப் பணியில் அவர் தலைமை தாங்கி உழைத்தமை, விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்போர் கூட்டம் ஒன்று உருவாகவேண்டும் என்னும் வேட்கையாலன்றோ? தாம் இரு மொழியில் முயன்று பெற்றதனை அடுத்த தலைமுறை ஒரு மொழியிலேயே பெறுதல்வேண்டும் என்பது அவர் எண்ணம். 'ஆங்கிலவாணி' என்னும் கட்டுரையில் ஆங்கிலக் கவிஞரைத் தமிழர்க்கு அறிமுகஞ் செய்ததும், 'யவனபுரத்துக் கலைச்செல்வம்' என்னும் கட்டுரையிற் கிரேக்கரின் கலைவளத்தை உணர்த்தியதும், விவேகாநந்தரின் ஞானயோகம், கருமயோகம் முதலியவற்றை மொழிபெயர்த்ததும் இந்நோக்கத்தின்பாற் பட்டனவே. தம் நூலைக் கற்கவல்லாரை ஆக்குதற்பொருட்டுத் தாம் கற்ற நூல்களையே மற்றவர்க்கும் கொண்டுவர முயன்றார் எனலாம்.

அவர் எழுத்து முழுதும் மதில்சூழ்ந்ததுமன்று. இறைவன் உவக்கும் மலர் யாது என வினாவி, புறத்தே பூக்கும் மலர்களை விலக்கி, அடியவரின் உள்ளத்தையும் கூப்பிய கையையும் மலராய்க் காட்டும் அவர் பாடல் ஈழத்துச் சிறுவர்க்கும் மனப்பாடமாயிற்று. வினாவும் விடையுமாய் இயலும் அப்பாடலில் அடியார்க்குநல்லாரும் இல்லை, செகசிற்பியாரும் இல்லை, விகிதமும் அலகும் இல்லை. இளமையிற் செவியாற் கேட்ட பாடல்களின் எளிமையும், தேவாரம் ஓதிய நாவின் பழக்கமும் மட்டுமே அங்கு விளங்குகின்றன. மட்டக்களப்பில் அவர் 1929இல் நிறுவிய சிவாநந்த வித்தியாலயத்தின் அருகே அமைந்த சமாதியிற் பொறிக்கப்பட்டதும் அப்பாடலே. பதினான்கு ஆண்டு உழைத்து இயற்றிய நூலின் தொடர் ஒன்றும் அங்கே இடம்பெறவில்லை.

இதனைக் கொண்டு எளியதே நிலைக்கும், அரியது வீண் எனக் கருதுதல் பிழையாகும். இருவகை எழுத்தும் அவர் பெற்ற இருவகைக் கல்வியின் விளைவுகள். செவிவழிப் புகுந்தது பாடலாய்க் கனிந்தது. ஏட்டுவழிப் புகுந்து வினாவாய் மாறியது ஆராய்ச்சியாய் விளைந்தது. முன்னதை மக்கள் உடனே ஏற்றனர். பின்னது கற்கும் ஆற்றலுடையார் வருகையை நோக்கிக் காத்திருக்கின்றது.

கல்லூரியிற் பயிலும் மாணாக்கர்க்கு அடிகளாரின் வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. கணித மாணவன் சிலப்பதிகாரம் தனக்கு வேண்டாதது என்றும், இலக்கிய மாணவன் பௌதிகம் தனக்கு வேண்டாதது என்றும் எண்ணுங்கால், இருவரும் தத்தம் துறையிலும் ஒரு பகுதியை இழக்கின்றனர். அரங்கேற்று காதையின் இருபத்தைந்து அடிகளைக் கற்றவர் ஆயிரவர். அவ்வடிகளுள் ஒரு நூல் மறைந்துகிடப்பதைக் கண்டவர், நூலகத்தின் மறுபக்கத்து அடுக்கிலும் கைவைத்தவரே.